நோரீன் எழுதாமல் விட்ட நான்கு வரி

எட்டேகால் கிலோ. எங்கள் மெல்ஷா நகர மன்றத்துச் செங்கோலின் எடை அது. முப்பத்தோரு வருடம் தூக்கியவன் நான், எனக்குத் தெரியாதா? வெள்ளியில் செய்து தங்கப் பூச்சுப் பூசியது. தலைப் பக்கம் ஒரு ஆட்டுத் தலையும் ஒரு தறி நாடாவும் இருக்கும். மேயர் மன்றத்துக்குள் வரும்போது அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். மற்ற நேரங்களில் மேயருக்குக் கார் ஓட்ட வேண்டும், நாற்காலி போட வேண்டும், கூரை ஒழுகினால் வாளி வைக்க வேண்டும். பதவிப் பெயர் மட்டும்தான் பெரிது. என் பெயர் கிளிஃப் வால்ம்ஸ்லி. ஆனால் இது என் கதை இல்லை, நோரீன் ஹாவர்த்தின் கதை. இதில் நான் இரண்டு இடத்தில் வருகிறேன், ஒன்றில் கோழையாக, இன்னொன்றில் கோமாளியாக.

நோரீன் ஐம்பத்தெட்டில் பிறந்தவள். அம்மாவுக்குப் பஞ்சாலையில் வேலை, அப்பா பேருந்து நடத்துநர். பதினேழு வயதில் டைப் அடிக்கும் பெண்ணாக நகர மன்றத்துக்குள் நுழைந்தாள். அப்புறம் குழுக் கூட்டங்களுக்கு எழுத்தர், அப்புறம் மன்றத்துக்கே எழுத்தர். பேனாவைத் தொட மாட்டாள், எல்லாம் பென்சில்தான். காதுக்கு மேல் ஒன்று, கையில் ஒன்று, மேசையில் சீவி வைத்தது ஆறு. வெள்ளிக்கிழமையானால் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்துச் சுட்ட மாவுப் பண்டம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவாள். பாதி எனக்கு. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு முறை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"ஒருத்தனும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் கேக்கலையே கிளிஃப்," என்றாள்.

மன்றத்தின் பழக்கவழக்கம் முழுக்க அவள் தலைக்குள் இருந்தது. யார் முதலில் எழுந்திருக்க வேண்டும், செலவுகளைக் கிளறிப் பார்க்கும் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர்தான் ஏன் தலைமை தாங்க வேண்டும், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ஆளுங்கட்சியிலும் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும், எல்லாம் அவளைக் கேட்டால் தெரியும். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று புதிதாக வந்த உறுப்பினர் யாராவது கேட்டால், பென்சிலால் மேசையைத் தட்டுவாள்.

"எழுதணுமா என்ன? அது எல்லாருக்கும் தெரியும்ல."

அப்படித் தெரிந்தவைகளில் பெரியது கேலரியின் கால்மணி நேரம். மன்றத்துக்கு மேலே மரத்தால் ஆன ஒரு கேலரி உண்டு, ஊர்க்காரர்கள் வந்து உட்காரும் இடம். மேயர் வந்து உட்கார்ந்ததும், கேலரியில் இருக்கும் எவரும் எழுந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மன்றத்தை நடத்தும் ஆளுங்கட்சித் தலைவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது. அது முடியும் வரை செங்கோல் என் கையிலேயே இருக்கும். மேசைக்கு அது வந்தால்தான் மன்றம் கூடியதாகக் கணக்கு. கால்மணி நேரம் என்று பெயர்தான். ஒரு முறை ஐம்பத்தைந்து நிமிடம் நின்றிருக்கிறேன், தோள்பட்டை கழன்றுவிடும் போல் வலித்தது. கேட்டவனையும் திட்டினேன், பதில் சொன்னவனையும் திட்டினேன், மனசுக்குள்தான்.

இது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழில் தொடங்கியது. ஒரு பஞ்சாலையில் மாடிப்படிக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்து உள்ளே பதினோரு பெண்பிள்ளைகள் செத்துப் போனார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களின் தாய்மார் கேலரியில் வந்து நின்று, யார் பூட்டச் சொன்னது என்று கேட்டார்கள். ஆலை முதலாளியின் மச்சான்தான் மேயர். அலுவலைத் தொடங்குங்கள் என்றார் அவர். அன்றைக்குச் செங்கோல் தூக்கியவர் ஒரு வயசான கொல்லர். அவர் அதை மேசையில் வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார். மேயர் பதில் சொன்ன பிறகுதான் வைத்தார். அதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படித்தான். அந்தக் கொல்லரின் படம் எங்கள் தேநீர் அறையில் தொங்குகிறது, ஈ மொய்த்த கண்ணாடிக்குள்.

இரண்டாயிரத்தில் லண்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு நகர மன்றமும் தனக்கென்று ஒரு சாசனம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நாட்டுக்கே எழுதி வைத்த சாசனம் ஒன்று கிடையாது. ராணிக்கு இல்லை, பிரதமருக்கு இல்லை, மழையில் ஊறிய எங்கள் மெல்ஷாவுக்கு வேண்டுமாம். எழுதும் வேலை நோரீன் தலையில் விழுந்தது. ஒன்பது மாதம் எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. வண்டி நிறுத்துவதற்கும் கல்லறையில் பூ வைப்பதற்கும் கூட அதில் விதி இருந்தது.

கேலரிக்கும் நான்கு வரி எழுதியிருந்தாள். அப்போதைய தலைவர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் அவருக்குத் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"நோரீன், இதைப் போய் எழுதுவாங்களா? எழுதினா, நாளைக்கு எவனாவது இதைப் பிடுங்கிருவான்னு நாம பயப்படுற மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல யாருக்கு அந்தத் தைரியம் வரும்?"

நோரீன் யோசித்தாள். அவள் முட்டாள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எழுதிவிட்டால், ஆளுக்கு இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று கேள்வி என்று எவனாவது வக்கீல் வந்து வேலி கட்டுவான் என்பதும் அவள் கணக்கில் இருந்தது. அதோடு அவளுக்கே அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. காலையில் வணக்கம் சொல்வேன் என்று கட்டின புருஷனிடம் யாராவது எழுதி வாங்குவார்களா? பென்சிலை எடுத்து அந்த நான்கு வரியையும் குறுக்கே அடித்தாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நாங்கள் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்.

அடுத்த பத்தொன்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு டங்கன் மார்லோ தலைவராக வந்தார். வெளியூர்க்காரர், நாற்பத்திரண்டு வயது. கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நமக்கு வழிவிடுவார். வந்த முதல் மாதமே நோரீனின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்து முடித்துவிட்டார். அதற்கு முன்னால் அதை முழுசாகப் படித்தவர் யாருமே இல்லை. நோரீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கடைசியா ஒரு மனுஷன் படிச்சிருக்கான் பாரு," என்றாள் என்னிடம்.

அவர் எதற்காகப் படித்தார் என்று அக்டோபரில் தெரிந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இருதய அறுவைக்காகப் படுத்திருந்தார். வழக்கப்படி ஆளுங்கட்சியில் ஒருவர் ஒதுங்க வேண்டும். மார்லோ யாரையும் ஒதுக்கவில்லை. ஒரு ஓட்டில் தீர்மானம் ஜெயித்தது. நோரீன் அவர் அறைக்குப் போய், இது வழக்கம் இல்லையே என்றாள். மார்லோ புன்னகையோடு, "எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டார். அந்த இரண்டு சொல்லை அதன் பிறகு நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்டோம். செலவுகளைக் கிளறும் குழுவின் தலைமை எதிர்க்கட்சியிடமிருந்து போனது. கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் காகிதங்களைக் காட்டும் பழக்கம் இரண்டு நாளாகச் சுருங்கியது. ஒவ்வொன்றும் சின்னது, ஒவ்வொன்றும் சட்டப்படி சரி. கேட்க ஆள் இல்லை. எங்கள் ஊர்ப் பத்திரிகையைத்தான் மூன்று வருடம் முன்பே மூடிவிட்டார்களே, நிருபர் உட்காரும் பெஞ்சில் நான் வாளிகளை அடுக்கியிருந்தேன்.

இங்கேதான் ஐவி பில்லிங் வருகிறாள். எழுபத்தாறு வயது, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை ஆஸ்திரேலியாவில். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைத்துப் போட்டவள். மன்றத்தில் பாதிப் பேர் அவள் ஊற்றிய கஸ்டர்டைத் தின்று வளர்ந்தவர்கள், அதை அவள் மறக்கவிட மாட்டாள். குடியிருப்பது மன்றத்துக்குச் சொந்தமான லார்க்ஹில் அடுக்குமாடியில், ஒன்பதாம் மாடி. அந்த மாடியில், படிக்கட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு கனத்த தீத்தடுப்புக் கதவு. அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடுகிற இரும்புக் கை கழன்று விழுந்துவிட்டதால் கதவு எப்போதும் ஆவென்று திறந்தே கிடந்தது. கீழே தீப்பிடித்தால் புகை நேராக அவர்கள் வீட்டு வாசலுக்கு வரும். ஐவி அந்த இரும்புக் கையைத் துணியில் சுற்றிக் கேலரிக்குக் கொண்டுவந்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?" என்று மேலே இருந்து தூக்கிக் காட்டினாள். "ஒன்பதாம் மாடிக் கதவோட கை. கதவுல இருக்க வேண்டியது என் கையில இருக்கு. எப்போ திரும்ப மாட்டுவீங்க?"

மார்லோ எழுந்து நின்று, பார்க்கிறோம் என்றார். ஆறு வாரம் கழித்து ஐவி மறுபடி வந்தாள். மறுபடி பார்க்கிறோம் என்றார். மூன்றாம் முறை அவள் மற்ற உறுப்பினர்களின் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா பீட்டர், உனக்கு ரெண்டாவது தரம் ஊத்தினேனேடா. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கேலரியில் எல்லோரும் சிரித்தார்கள். கீழேயும் சிலர் சிரித்தார்கள். மார்லோவின் காது மட்டும் சிவந்தது. நின்றுகொண்டு பதில் சொல்லும்போது முகத்தை எங்கே வைப்பது என்று ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் போகும், அந்த வழக்கத்தின் பலமே அதுதான். எண்பத்து நான்கில் ஒரு பள்ளிக்கூடக் கூரையை ஐந்தே நாளில் சரிசெய்ய வைத்ததும் அந்தச் சிவந்த காதுதான். ஐவியின் கதவுக்கும் இன்னும் இரண்டு கூட்டம் போதும் என்று நோரீன் என்னிடம் சொன்னாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பர், ஒரு புதன்கிழமை மாலை. கேலரியில் ஏழு பேர், முன்வரிசையில் ஐவி, மடியில் துணிச் சுருள். மேயர் உட்கார்ந்தார். நான் செங்கோலோடு நின்றேன். ஐவி எழுவதற்குள் மார்லோ எழுந்துவிட்டார்.

"மேயரம்மா, ஒரு சின்ன சந்தேகம். இந்தக் கேலரி நேரம் நம்ம சாசனத்துல எந்தப் பக்கத்துல இருக்கு? எழுத்தர் சொன்னா நல்லாயிருக்கும்."

நோரீன் எழுந்தாள். "அது வழக்கம், தலைவரே. நூத்து முப்பத்து நாலு வருஷமா நடக்குது. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியலையே. பக்க எண்ணை மட்டும் சொல்லுங்க."

"பக்கம் கிடையாது."

"ரொம்ப நன்றி. அப்போ செங்கோலை வைச்சிரலாம். கேள்வி இருக்கிறவங்க எழுத்துல அனுப்பட்டும், இருபது வேலை நாளுக்குள்ள எழுத்துலயே பதில் வரும்."

மேயர் என்னைப் பார்த்தார். மன்றமே என்னைப் பார்த்தது. நோரீன் மட்டும் பார்க்கவில்லை, தன் மேசையில் இருந்த சாசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கொல்லரின் ஞாபகம் வந்தது. ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம் என்ற ஞாபகமும், என் மனைவி ஷீலாவின் முட்டியில் செய்ய வேண்டிய அறுவையும் கூடவே வந்தன. செங்கோலை வைத்துவிட்டேன். வெள்ளி மரத்தில் உட்காரும் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. மேலே இருந்து ஐவியின் குரல் வந்தது, கோபமாகக்கூட இல்லை.

"என்ன கிளிஃப், அதுக்குள்ள கை வலிச்சிருச்சா?"

மறுநாள் காலை நோரீனைக் காணோம். நிலவறையில், பழைய பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டாயிரத்தில் எழுதிய சாசனத்தின் முதல் பிரதி. அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். 'அலுவல் தொடங்குமுன் கேலரியில் உள்ள எவரும் கேள்வி கேட்கலாம். கேட்கப்பட்டவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் முடியும் வரை செங்கோல் மேசைக்கு வராது. செங்கோல் மேசைக்கு வராமல் மன்றம் கூடியதாகாது.' குறுக்கே பென்சில் கோடு. ஓரத்தில் அவளுடைய அழகான சின்ன எழுத்து: 'வேண்டாம். எல்லாருக்கும் தெரியும்.'

"என் கையாலயே அடிச்சிருக்கேன்," என்றாள். "ரப்பர் வைச்சு அழிச்சா போயிரும் கிளிஃப், பென்சில்தானே. இருபது வருஷம் கழிச்சு அழிச்சா ஒத்துக்குவாங்களா?"

அவள் தோளைத் தொட்டுவிட்டு வாளி எடுக்க வந்தவன் போல் வாளியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். அந்த நான்கு வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அவள் மூன்று முறை குறிப்பு அனுப்பினாள். மூன்றுக்கும் மார்லோவிடமிருந்து மரியாதையான பதில் வந்தது, பரிசீலிக்கப்படும் என்று.

ஐவி எழுத்தில் கேட்க ஆரம்பித்தாள். கோடு போட்ட காகிதத்தில் உருண்டை உருண்டையாக எழுதி, தானே நடந்து வந்து நோரீனிடம் கொடுப்பாள். இருபதாவது நாள் பதில் போகும், அக்கறைக்கு நன்றி, ஆய்வு திட்டமிடப்பட்டுள்ளது என்று. பதிலைத் தயாரிப்பது வேறு பிரிவு. அச்சிட்டு உறையில் போடுவது இயந்திரம். கீழே கையெழுத்து மட்டும் நோரீன் ஹாவர்த், மன்ற எழுத்தர், அதுவும் அச்சில். எழுத்தர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அவள் நாற்பத்தேழு வருடம் அப்படியே இருந்தவள்.

ஒரு தரம்தான் அவள் அதை மீறினாள். தேநீர் அறைத் தொலைக்காட்சியில், மனித உரிமைச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவரப் போவதாக லண்டனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லதுதான், அது திருடனுக்கும் வெளியாளுக்கும்தானே உதவுகிறது என்று எங்கள் கணக்கர் ஒருவர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னார். முன்பெல்லாம் நோரீனும் ஏறக்குறைய அப்படித்தான் பேசுவாள். அப்படி எழுதி வைக்கிறதெல்லாம் மற்ற நாடுகளுக்கு, இங்கே யாரும் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள் என்பாள். அன்றைக்கு அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாள். சாயங்காலம் ஐவி வந்தபோது பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு முகவரி எழுதி அவள் உள்ளங்கையில் அழுத்தினாள்.

"ஆள் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தா, அந்தச் சட்டத்தை வைச்சு மன்றத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம்மா. இங்கே இலவசமா பார்த்துக் கொடுக்கிற வக்கீல்கள் இருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

"நீயா இதைச் சொல்றே? வேலை போயிரும் கண்ணு."

"போனா போகட்டும், நீங்க சீக்கிரம் போங்க. அந்தச் சட்டமே இருக்குமோ என்னமோ."

ஐவி இரண்டு பேருந்து மாறிப் போனாள். அந்த அலுவலகம் இரண்டு வருடம் முன்பே மூடியிருந்தது. அரசாங்கப் பணம் நின்றுபோனதால் மூடுகிறோம் என்று கதவில் ஒட்டிய காகிதம் வெயிலில் மஞ்சளாகியிருந்தது. அந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். திரும்பி வந்து நோரீனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நகம் பூசிக்கிறீங்களான்னு கேட்டா அந்தப் பொண்ணு. உசிரு பூசிக்கணும்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜனவரி கடைசியில் ஐவி தன் ஒன்பதாவது கேள்வியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மின்தூக்கியும் பத்து நாளாக ஓடவில்லை, ஒன்பது மாடி இறங்கி வந்திருந்தாள். கதவு காற்றுக்கு அடித்துக்கொள்கிறது என்பதால் ராத்திரி ஒரு சமையலறை நாற்காலியை முட்டுக் கொடுக்கிறாளாம். நோரீன் கேள்வியை வாங்கி எண் போட்டாள். அன்று மாலை கார் வரை என்னோடு நடந்து வந்தவள், அந்த நாற்காலி எத்தனை நாள் தாங்கும் கிளிஃப் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். என்னிடம் இருந்த புத்தி அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி. லார்க்ஹில் ஆறாம் மாடியில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று வெடித்துத் தீப்பிடித்தது. தீ ஆறாம் மாடியைத் தாண்டவில்லை. புகைதான் படிக்கட்டு வழியாக ஏறியது. ஏழிலும் எட்டிலும் கதவுகள் மூடிக்கொண்டன. தீயணைப்புக்காரர்கள் ஒன்பதாம் மாடிக்குப் போனபோது ஐவி அந்தத் திறந்த கதவின் அடியில் கிடந்தாள், பக்கத்தில் சமையலறை நாற்காலி. கதவைத் தள்ளி முட்டுக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். முக்கால்வாசி சாத்தியும் இருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த நான்கு வீட்டுக்காரர்களும் பிழைத்தார்கள்.

நகர மன்றத்துச் சன்னலில் இருந்து அந்தப் புகை தெரிந்தது. நோரீன் சன்னலில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். யார் என்று செய்தி வருமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஐவி, ஐவி என்று இரண்டு முறை சொன்னாள்.

இதோடு முடிந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாளோ என்னவோ. அடுத்த வாரம் தபாலில் ஒரு உறை திரும்பி வந்தது. எங்கள் மன்றத்து உறை. ஒன்பதாவது கேள்விக்கான பதில். தீப்பிடித்து இரண்டு நாள் கழித்து, கெடு தவறாமல், இயந்திரம் அதை அச்சிட்டு அனுப்பியிருக்கிறது. அன்புள்ள திருமதி பில்லிங், ஒன்பதாம் மாடிக் கதவு குறித்த உங்கள் அக்கறைக்கு நன்றி, ஆய்வு திட்டமிடப்பட்டுள்ளது. கீழே நோரீன் ஹாவர்த். உறையின் மேல் தபால்காரர் ஒரு சீட்டை ஒட்டி, அதில் ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தார்: முகவரிதாரர் இப்போது இங்கில்லை.

நோரீன் அன்றைக்கே வேலையை விட்டாள். மார்லோ கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் சேவைக்கு விருந்து வைக்க வேண்டும் என்றார்.

"விருந்து வேண்டாம் தலைவரே. எழுத்தரா இருந்தா நான் கேள்வி கேக்கக் கூடாது. இப்போ கேக்கலாம், அதுக்குத்தான் போறேன்."

ஏப்ரல் கூட்டம். கேலரியில் நிற்க இடமில்லை, படிக்கட்டு வரை ஜனம். முன்வரிசையில், ஐவி உட்காரும் இடத்தில் நோரீன். அவள் கையில் அந்தத் துணிச் சுருள், ஐவியின் பிள்ளை கொடுத்தது. மேயர் ஒரு நிமிட மௌனம் சொன்னார். எல்லோரும் தலை குனிந்து நின்றோம். மௌனம் முடிந்தது. மேயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வை என்று.

நான் வைக்கவில்லை.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஷீலாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். என் முட்டி இன்னும் கொஞ்ச நாள் நொண்டட்டும், நீ நேராக நில் என்றாள். செங்கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேலரியைப் பார்த்தேன். மேலே நோரீன் எழுந்தாள். துணியைப் பிரித்து அந்த இரும்புக் கையைத் தூக்கினாள்.

"ஐவி பில்லிங்கோட ஒன்பதாவது கேள்வி. இந்தக் கையைக் கதவுல எப்போ மாட்டுவீங்க? மத்த மாடியில இன்னும் எத்தனை கதவு இப்படிக் கிடக்கு?"

எங்கோ ஒரு பெண் விம்முவது கேட்டது. எனக்குப் பயம் இல்லை, பெருமைதான். முப்பத்தோரு வருடம் தூக்கியதற்கு இன்றைக்குத்தான் அர்த்தம் என்று நினைத்தேன். அந்தக் கொல்லருக்கு மேயர் பணிந்தது போல மார்லோவும் எழுந்து பதில் சொல்வார், எத்தனை நேரமானாலும் நிற்பேன் என்று நினைத்தேன்.

மார்லோ எழவில்லை. உட்கார்ந்தபடியே புது எழுத்தர் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"செங்கோல் மேசையில இல்லைன்னா கூட்டம் நடக்கக் கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு?"

புது எழுத்தர் சாசனத்தைப் புரட்டினார், தேவையே இல்லாமல். "எங்கேயும் இல்லை, தலைவரே."

"அப்போ ஆரம்பிச்சிரலாம். கிளிஃப் நிக்கிறதுன்னா நிக்கட்டும், பாவம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேயர் என் முகத்தைப் பார்க்காமல் முதல் அலுவலை வாசித்தார், வண்டி நிறுத்தும் கட்டணம். செங்கோல் வராமல் மன்றம் கூடாது என்பதுதான் நோரீன் அடித்த நான்காவது வரி. மேலே நின்றபோது அவளுக்கு அது ஞாபகம் வந்திருக்கும். கையை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். இரண்டு முறை அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டாள். கேலரியில் ஒலிபெருக்கி இல்லை. கீழே அவர்கள் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது அலுவல், நான்காவது. எனக்குத் தோள் மரத்துப் போனது. போய் உட்காரவும் முடியவில்லை, மேசையில் வைக்கவும் மனசு வரவில்லை. ஆறாவது அலுவலை மார்லோவே முன்மொழிந்தார். பொதுமக்கள் கேலரியின் படிக்கட்டுக் கதவு இன்றைய தீப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தவில்லை. ஆகவே மறு அறிவிப்பு வரும் வரை கேலரி மூடப்படும். மக்கள் கீழ்த்தளத்து அறையில் திரையில் பார்த்துக்கொள்ளலாம். லார்க்ஹில்லில் நடந்ததற்குப் பிறகு இந்த விஷயத்தில் நாம் அலட்சியமாக இருக்க முடியாது என்றார். குரல் தழுதழுத்தது. அது நடிப்பென்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

பீட்டர்கூடக் கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு நோரீன் கீழே இறங்கி வந்தாள். என் கையிலிருந்து செங்கோலை அவள்தான் வாங்கினாள், என் விரல்கள் விரியவில்லை. அதன் கனம் தாங்காமல் பெஞ்சில், வாளிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு காதுக்கு மேல் இருந்த பென்சிலை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள்.

"இன்னைக்கு நடந்ததை எழுதி வை கிளிஃப்," என்றாள். "எல்லாருக்கும் தெரியும்னு விட்டுறாதே."